செங்கல் எறியும் துப்பாக்கி

ஷெரிஃப் மெர்ல் காடி வழக்கை முடித்துவிட்டார். முடித்த சந்தோஷத்தில் மேஜை மேல் கால் போட்டிருந்தார். இடது பூட்ஸின் அடியில் சூயிங்கம் ஒட்டியிருந்தது. பிளம் ஃபோர்க் கவுண்டியில் சட்டம் ஒழுங்கு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, துப்பறிவாளர் கிரெட்டா ஆஸ்டர்ஹவுஸுக்கு அதற்கு மேல் எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"ஆர்லனே ஒத்துக்கிட்டான் கிரெட்டா. நாளைக்குக் காலைல ஜட்ஜ் முன்னாடி சொல்லப்போறான். இனிமே நீ என்ன துப்பறியப்போற?"

"ஆர்லன் ஷ்ரோக் என்ன சொன்னான்? 'நான்தான் சுட்டேன்'னானா, 'என் குண்டாத்தான் இருக்கும்'னானா?"

"ரெண்டும் ஒண்ணுதானே."

"உங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். அதான் நீங்க ஷெரிஃபா இருக்கீங்க."

காடி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். கிரெட்டாவின் உதவியாளன் லைல் பிக்கெட் சிரிப்பை மறைக்கத் தும்மினான்.

நடந்தது இதுதான். மான் வேட்டை வாரத்தின் முதல் நாள் காலை. மார்லிஸ் கெல்னர் தன் கொட்டகையில் ஆடு கறந்துகொண்டிருந்தாள். ஒரு குண்டு பலகைச் சுவரைத் துளைத்து வந்து, அவள் விலாவைக் கிழித்து, எதிர்ச் சுவரையும் துளைத்துக்கொண்டு சாணிக் குளத்துப் பக்கம் போய்விட்டது. மார்லிஸ் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள். அதே நேரத்தில், ஓடைக்கு அந்தப் பக்கம் அரை மைல் தள்ளி, பக்கத்துப் பண்ணைக்காரன் ஆர்லன் மரத்து மேல் பரண் கட்டி உட்கார்ந்து ஒரு பெண்மானைச் சுட்டிருந்தான். ஒரே வெடி. மான் தப்பிவிட்டது. மார்லிஸின் ஆடுகள் அவனுடைய சோயாவை மேய்ந்ததில் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது ஊருக்கே தெரியும். காடிக்கு இவ்வளவு போதும். காடிக்கு எப்போதுமே இவ்வளவு போதும்.

"மரத்து மேல உக்காந்து, கீழ நிக்கிற மானைச் சுட்டிருக்கான். குண்டு மண்ணுக்குள்ளதானே போகணும்? எழுந்து அரை மைல் நடந்தா போச்சு?" என்றாள் கிரெட்டா.

"கல்லுல பட்டுத் தெறிச்சிருக்கும்."

"தெறிச்ச குண்டு குடிகாரன் மாதிரி புரண்டு புரண்டு வரும். இது மாப்பிள்ளை மாதிரி நேரா வந்திருக்கு. கொட்டகையில ரெண்டு சுவத்து ஓட்டையும் பாத்தீங்களா? ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம். ஆர்லனோட துப்பாக்கி அவங்க தாத்தா காலத்து ஃபார்ட்டி-ஃபைவ் செவன்ட்டி, தடிக் குண்டு. அரை மைல் போறதுக்குள்ள அந்தக் குண்டு மாங்கா மாதிரி மேலேருந்து விழும். ஒரு சுவத்துக்கும் இன்னொரு சுவத்துக்கும் முழ உயரமாவது இறங்கியிருக்கணும்."

"அப்ப வேற எங்கேருந்து வந்திச்சாம்?"

"ஆர்லனோட பரணுக்குப் பின்னாடி, அதே கோட்டுல, மலைமேடு இருக்கே. அங்கேருந்து."

காடி காலை இறக்கினார். "மேட்டுல அன்னைக்கு ரெண்டே பேரு. ஒண்ணு கொலம்பஸ் நகரத்து டாக்டர் ஸ்லோன். இன்னொண்ணு நம்ம டெர்க் ஹேவர்லி. ரெண்டு பேரோட துப்பாக்கியையும் நானே பாத்தேன். ரெண்டுமே ஆர்லனோடது மாதிரி, மான் வேட்டைக்கு அனுமதிச்ச ஸ்ட்ரெயிட்-வால் தோட்டா போடறது. சட்டப்படி சுத்தம். நீயே சொல்ற, அந்தத் தோட்டா அவ்வளவு தூரம் நேராப் போகாதுன்னு. முடிஞ்சுது கதை."

"அவங்க காட்டின துப்பாக்கியப் பாத்தீங்க. சுட்ட துப்பாக்கியப் பாத்தீங்களா?"

காடி தன் பூட்ஸில் சூயிங்கம் ஒட்டியிருப்பதை அப்போதுதான் கவனித்தார்.

*

பிக்கப் வண்டி ஓடையோரமாகப் போனது. அறுவடை முடிந்த சோளக்காடுகள் மொட்டையாகக் கிடந்தன. ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஒரு குடும்பமே வேலி ஓரமாக வரிசையில் நடந்துபோனது.

"ஒரு காலத்துல," என்றான் லைல், "மான் வேட்டைன்னா ஷாட்கன்தான். ஒரு வெடி வெடிச்சா மானுக்கு முன்னாடி நம்ம தோள்பட்டை செத்துடும். எங்க மாமா சீசன் முழுக்க இடது கையாலதான் சூப் குடிப்பாரு. இப்பப் பாருங்க, சட்டத்த மாத்தி இந்த ஸ்ட்ரெயிட்-வாலை அனுமதிச்சதுலேருந்து என் மச்சினிகூட ரைபிள் தூக்கிட்டா. உதையே இல்லையாம். போன வருஷம் அவ ரெண்டு மான். நான் பூஜ்யம்."

"உன் மச்சினிக்குக் குறி பாக்கத் தெரியும். தவிர, நம்ம ஊர்ல மான் எவ்வளவு தூரத்துல வரும்? ஒரு சோளக்காட்டு அகலம். அதுக்கு அந்தத் தோட்டா தாராளம். தப்பினாலும் அடுத்த ஊருக்குப் போய் ஆளைக் கொல்லாது. அதுக்காகத்தான் சட்டம் அதை மட்டும் விட்டு வெச்சிருக்கு."

"அப்ப மார்லிஸைச் சுட்டது சட்டம் விட்டு வெக்காத துப்பாக்கி."

"பரவால்லையே! காடிக்கு ரெண்டு நாளா புரியாதது உனக்கு ரெண்டு மைல்ல புரிஞ்சிடுச்சு."

"இதுல பெருமைப்பட என்ன பாஸ் இருக்கு? காடியோட பூட்ஸுக்குக்கூட மூணாவது மைல்ல புரிஞ்சிருக்கும்." லைல் மடியிலிருந்த காகிதப் பையில் கை விட்டு ஒரு சாக்லேட் உருண்டையை எடுத்து வாயில் போட்டான். உள்ளே வேர்க்கடலை வெண்ணெய் வைத்த உருண்டை. பல்லில் ஒட்டிக்கொண்டதில் அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. கிரெட்டா அதை அனுபவித்தாள்.

"அந்தப் பையை இங்க குடு," என்றாள்.

"இன்னும் ஒண்ணுதான் இருக்கு."

"அதோடவே குடு."

*

டாக்டர் கென்ட்ரிக் ஸ்லோன் முழங்கால் ஆபரேஷன் செய்கிறவர். வேட்டைக்கென்று மேட்டின் கிழக்குப் பாதியைக் குத்தகைக்கு எடுத்து, அதன் அடிவாரத்தில் மரவீடு ஒன்று கட்டியிருந்தார். கதவைத் திறந்தவர் அவர்களை உள்ளே கூப்பிடவில்லை. அவர் காலருகே நின்ற நாய்கூட இவர்களை ஏளனமாகத்தான் பார்த்தது.

"ஷெரிஃப்கிட்ட ஏற்கெனவே சொல்லியாச்சு. அன்னைக்கு மூணு தடவை சுட்டேன். மூணும் வேஸ்ட். மொன்டானாவுல நான் எத்தனை எல்க் மான் அடிச்சிருக்கேன் தெரியுமா? இங்க வந்தா இந்த மாநிலத்துக்காரங்க என் கையில செங்கல் எறியிற துப்பாக்கியக் குடுத்து மான் அடிங்கறாங்க. இருநூறு கஜம் தாண்டினா குண்டு எங்க போகுதுன்னு குண்டுக்கே தெரியாது. விவசாயிங்களுக்குச் சரி. வாசல்ல நின்னு முயல் அடிக்கலாம்."

"அப்ப நல்ல ரைபிளை எடுத்துட்டு வந்திருக்கலாமே டாக்டர்? உங்ககிட்ட இல்லாததா?" என்றான் லைல்.

"நாலு இருக்கு. எல்லாம் கொலம்பஸ்ல பூட்டியிருக்கு. உங்க சட்டத்து மேல மரியாதைன்னு நினைச்சுடாதீங்க. மாட்டினா பேப்பர்ல என் பேர் வரும். இந்தப் பரட்டை மான்களுக்காக நான் பேரைக் கெடுத்துக்கணுமா?"

கிரெட்டா கோட்டுப் பையிலிருந்து காகிதப் பையை எடுத்தாள். வாயை இறுக்கி மடித்திருந்தாள்.

"மேட்டுல ஒரு காலித் தோட்டா கெடைச்சுது. யாரோ மிதிச்சிருக்காங்க, கழுத்து நசுங்கியிருக்கு. உங்களோடதான்னு கேக்கத்தான் வந்தோம்."

ஸ்லோன் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வாய்விட்டு, கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கழுத்தா? அம்மா, நான் சுட்டது ஸ்ட்ரெயிட்-வால். அடியிலேருந்து நுனி வரைக்கும் ஒரே நேர். அது டம்ளர்! டம்ளருக்கு ஏது கழுத்து? கழுத்து இருக்கறது பாட்டிலுக்கு. இதுகூடத் தெரியாம உங்களை எவன் துப்பறிய விட்டான்? போங்க, போய் யாராவது தொலைச்ச பூனையைத் தேடுங்க."

கதவு மூடிக்கொண்டது. உள்ளே சிரிப்பு தொடர்ந்தது.

லைல் வண்டியில் ஏறும்வரை பொறுத்தான். "பாஸ், மானம் போச்சு. நீங்க வேட்டையைக் கண்காணிக்கிற கேம் வார்டனா இருந்தவங்க. எத்தனை வருஷம் தோட்டாவும் கையுமா அலைஞ்சிருக்கீங்க! அந்த ஆளு முன்னாடி போய் 'கழுத்து'ங்கறீங்க?"

"வயசாகுது லைல்."

"அந்த ஆளு மூஞ்சியப் பாத்தீங்களா? நம்ம மேல எச்சில் துப்பாததுதான் பாக்கி. அவன்தான் பாஸ் சுட்டிருப்பான். நம்ம தோட்டாவ இவ்வளவு கேவலமா பேசுறவன் அதையேவா தூக்கிட்டு அலைவான்?"

"வண்டிய ஹேவர்லி கடைக்கு விடு."

*

கடை வாசலில் ஆளுயரப் பலகை. டெர்க் ஹேவர்லியின் சிரித்த முகம். அவன் தோளில் ரைபிள். கீழே கொட்டை எழுத்தில்: நேரான தோட்டா, நேரான மனுஷன்.

அந்தப் பலகையை இந்த ஊரில் பிடிக்காதவர்கள் கிடையாது. டெர்க் இணையத்தில் வீடியோ போடுவான். ஸ்ட்ரெயிட்-வாலின் பெருமையை மூன்று மாநிலத்துக்கு ஓதுவான். தேவாலயத்தில் இரண்டாவது வரிசையில் உட்காருவான். இந்த சீசனின் முதல் நாளில் அவன் வீழ்த்திய பன்னிரண்டு கிளைக் கொம்பு மான்தான் இப்போது ஊர்ப் பேச்சு. மேட்டிலிருந்து நானூறு கஜத்துக்கும் மேல், ஒரே வெடியில், ஸ்ட்ரெயிட்-வாலில்! வீடியோவைப் பார்த்தவர்கள் கடைக்கு ஓடிவந்தார்கள். அலமாரியில் தோட்டாப் பெட்டிகள் பாதிக்கு மேல் காலி.

கல்லாவுக்கு முன்னால் பள்ளிப் பேருந்து ஓட்டும் ரோபெர்ட்டா நின்றிருந்தாள். டெர்க் அவள் உள்ளங்கையில் ஒரு புதுத் தோட்டாவை வைத்து உபதேசம் செய்துகொண்டிருந்தான்.

"...தோள் வலி இருக்குன்னீங்கள்ல? இது உங்களைத் தாலாட்டும். கிட்டத்துல வர்ற மானை நின்ன இடத்துல படுக்க வெக்கும். கைக்கு அடக்கம், சட்டத்துக்கும் அடக்கம்." நிமிர்ந்தான். "அடடே, கிரெட்டா! வாங்க, வாங்க. லைல், எப்படிடா இருக்க? மார்லிஸ் எப்படி இருக்கா? நானும் என் வொய்ஃபும் தினம் ஜெபம் பண்றோம். ஆர்லனை நினைச்சாலும் பாவமா இருக்கு. நல்லவன்தான். வயசாச்சு, கை நடுங்குது. யாருக்கும் நடக்கலாம்."

"நடக்கலாம்தான்," என்றாள் கிரெட்டா. "நானூறு கஜமாமே டெர்க்? எனக்கே பொறாமையா இருக்கு. அந்தத் தோட்டா அவ்வளவு தூரத்துல ஆளுயரத்துக்கு மேல இறங்கிடுமே. வானத்தப் பாத்துச் சுட்டியா?"

"பயிற்சி, கிரெட்டா. பயிற்சியும் ஆண்டவர் கிருபையும்."

"ஆண்டவர் எந்த ரைபிள் வெச்சிருக்காரு?" என்றான் லைல்.

டெர்க் பெரிய மனது பண்ணிச் சிரித்தான். கிரெட்டா காகிதப் பையை எடுத்துக் கல்லா மேல் வைத்தாள். அதன் மேல் கையையும் வைத்துக்கொண்டாள்.

"சும்மா ஒரு விஷயம் கேக்க வந்தேன். மேட்டுல உன் பக்கத்துல ஒரு காலித் தோட்டா கெடைச்சுது. யாரோ மிதிச்சிருக்காங்க, கழுத்து நசுங்கிப் போயிருக்கு. உன்னோடதா?"

டெர்க்கின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது. ஆனால் அதற்குள் ஆள் இல்லை.

"எங்க... எங்க கெடைச்சுது?"

"மேட்டுல."

"இருக்காதே. அந்த ஓக் மரத்தடிய நான் மண்டி போட்டுத் தேடினேனே. அவ்வளவு இலைக்குள்ள யாரு மிதிச்சிருப்பா? அது அங்கதான்..." அவன் கை பையை நோக்கி நீண்டது. "குடுங்க, பாக்கறேன்."

"வீடியோல ஒரே வெடிதான், டெர்க். அந்தக் காலித் தோட்டாவ எடுத்துக் கேமராவுக்கு முன்னாடி முத்தம் வேற குடுத்த. அப்புறம் எதை மண்டி போட்டுத் தேடின?"

ரோபெர்ட்டா உள்ளங்கையைத் தூக்கி, அதிலிருந்த தோட்டாவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். லிப்ஸ்டிக் குழாய் மாதிரி அடியிலிருந்து நுனிவரை ஒரே நேராக இருந்தது.

"டெர்க்," என்றாள் மெதுவாக, "இதுக்குக் கழுத்தே இல்லையே?"

அப்போதுதான் டெர்க்குக்கு உறைத்தது. ஸ்லோன் ஒரு நொடியில் சிரித்துத் தள்ளிய இடத்தை, ஸ்ட்ரெயிட்-வாலை விற்றே வயிறு வளர்த்தவன் கவனிக்காமல் தாண்டிப் போயிருந்தான். கழுத்துள்ள தோட்டா ஒன்று அந்த மேட்டில் தொலைந்து கிடப்பது அவனுக்குத் தெரியும். அது கிடைத்துவிட்டதா என்ற பயம் அவன் காதை அடைத்துவிட்டது.

பையைப் பிடுங்கினான். பிரித்தான். உள்ளே ஒரே ஒரு சாக்லேட் உருண்டை, கொஞ்சம் உருகியிருந்தது.

"அது என்னோடது," என்றான் லைல். "பரவால்ல, நீங்களே வெச்சுக்குங்க. ஜெயில்ல குடுக்க மாட்டாங்க."

"இது... இது ஏமாத்து வேலை! கோர்ட்டுல நிக்காது!"

"உருண்டை நிக்காதுதான்," என்றாள் கிரெட்டா. "ஆனா இவ்வளவு நேரம் அந்த மேடு முழுக்க எங்க தேடுறதுன்னு தெரியாம இருந்தேன். இப்ப ஓக் மரத்தடி, இலைக்கு அடியில."

டெர்க் கல்லாவைப் பிடித்துக்கொண்டான். குரல் கீழே போனது. "நானூறு கஜம் போற ஸ்ட்ரெயிட்-வால்னு காட்டினாத்தான் கிரெட்டா ஜனங்க பாக்கறாங்க. நூறு கஜத்த எவன் பாப்பான்? நான் மானைத்தான் பாத்தேன். முதல் வெடி மானுக்கு மேல போயிடுச்சு. அது எங்க போச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"மேட்டுலேருந்து மார்லிஸ் கொட்டகை தெரியும். ஆம்புலன்ஸ் விளக்கும் தெரிஞ்சிருக்கும்."

டெர்க் பிரித்த பையை மறுபடி மடிக்க ஆரம்பித்தான்.

"தெரிஞ்சுது. மான் கொம்பப் பிடிச்சுச் சிரிச்சு போட்டோ எடுத்துக்கிட்ட. மூணு மாநிலத்துக்கு நீ வித்தது உன்கிட்டயே வேலைக்கு ஆகல, பாட்டில் தோட்டாவ ஒளிச்சுக் கொண்டுபோய்ச் சுட்டுட்டு, கேமராவுக்கு மட்டும் நேர் தோட்டாவுக்கு முத்தம் குடுத்த. அந்த டாக்டர் இதைச் செங்கல்னு காறித் துப்பறான். துப்பிட்டு, அதையேதான் சுட்டு, மூணு தடவை தப்பவிட்டு, வெறுங்கையோட வீட்டுக்குப் போறான். உன்னைவிட அவன் நூறு மடங்கு மனுஷன். அவனைப் பத்தி இப்படிச் சொல்ல வெச்சதுக்கே உன்னை நான் மன்னிக்க மாட்டேன்."

ரோபெர்ட்டா தோட்டாவைக் கல்லா மேல் வைத்தாள். வெளியே போகும்போது வாசல் பலகையைக் காலால் ஒரு தள்ளு தள்ளினாள். அது மல்லாந்து விழுந்த சத்தம் உள்ளே கேட்டது.

*

பொழுது சாய்வதற்குள் கேம் வார்டன் உலோகம் காட்டும் கருவியோடு ஓக் மரத்தடியில் அதைக் கண்டுபிடித்துவிட்டார். பாட்டில் மாதிரி தோளும் கழுத்தும் வைத்த காலித் தோட்டா. கழுத்து நசுங்கவே இல்லை. ரைபிள், கடைப் பின்னறையில் மான் இறைச்சி வைக்கும் ஃப்ரீஸருக்கு அடியில் இருந்தது. ஆர்லனின் பரணுக்குக் கீழே, பெண்மான் நின்ற இடத்துக்குப் பின்னாலிருந்த ஓடைக்கரை மண்ணில் அவனுடைய குண்டும் கிடைத்தது. தடித்த, மழுங்கிய, மண் அப்பிய ஈயக்கட்டி. அது எங்கேயும் போயிருக்கவில்லை.

கிரெட்டா அதை ஆர்லனிடம் சொன்னபோது அவன் சிறையறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். இரண்டு நாள் தாடி. அவள் சொல்வதைக் கேட்டானா என்றே தெரியவில்லை.

"என் குண்டு இல்லையா?"

"இல்ல ஆர்லன்."

"நிச்சயமா?"

"கையில எடுத்துப் பாத்துட்டுத்தான் வரேன். மார்லிஸும் மத்தியானம் கண்ணத் திறந்துட்டா. பொழச்சுக்குவாளாம். வலது கையத் தூக்கத்தான் நாளாகுமாம்."

அவன் தலையாட்டினான். திரும்பத் திரும்ப ஆட்டினான். பிறகு யார் என்று கேட்டான். கிரெட்டா சொன்னாள்.

அவன் தன் வலது கையை விரித்துப் பார்த்தான்.

"நேத்து அவன் இங்க வந்தான். கம்பிக்குள்ள கைய விட்டு என் கையப் பிடிச்சுக்கிட்டான். 'ஒத்துக்க ஆர்லன், ஆண்டவர் மன்னிப்பாரு, மனசு லேசாகும்'னான். நான் அழுதேன் கிரெட்டா. அவன் கைய விடாம அழுதேன். 'உன்ன மாதிரி ஒருத்தன் இந்த ஊர்ல இருக்கறதுக்கு ஆண்டவருக்கு நன்றி'ன்னு சொன்னேன்."

 

ஆர்லன் எழுந்து மூலையிலிருந்த குழாய்க்குப் போனான். சோப்பை எடுத்துத் தேய்த்தான். கழுவினான். மறுபடியும் தேய்த்தான். ஷெரிஃப் காடி கதவைத் திறந்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாசலிலேயே காத்திருந்தார்.

"தப்பா எடுத்துக்காத ஆர்லன்," என்று வலது கையை நீட்டினார். "யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க."

ஆர்லன் அந்தக் கையைப் பார்த்தான். தன் ஈரக் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அவரைத் தாண்டி நடந்தான்.

"மார்லிஸோட ஆடுகளைக் கறக்கணும்," என்றான். "கை சுத்தமா இருக்கணும்."